ஏந்திய கை

தூய்மைப் பணியாளர் மூக்கம்மாவுக்கு ஊராட்சித் தலைவர் கோட்டைச்சாமி சேலை கொடுத்தார். அவள் வாங்கி நெஞ்சோடு அணைத்த நேரம் பார்த்து ஸ்டூடியோக்காரி தங்கபுஷ்பம் பேனருக்குப் படம் எடுத்தாள்.

“என் பேனர்ல இவ எதுக்கு? வெட்டிரு. முடியாதுன்னா கடையைக் காலி பண்ணு, இடம் என்னுது” என்றார் ஸ்டூடியோவில் படத்தைப் பார்த்த தலைவர்.

“சேலையும் அவங்க கையிலதானே இருக்கு, ஐயா.”

“சேர்த்து வெட்டு.”

சொன்னபடியே வெட்டினாள். மறுநாள் கடைக்கு எதிரே பஸ் ஸ்டாண்ட் பேனரில் பனைமர உயரத்துக்குத் தலைவர் நின்றார், குனிந்து, பல்லைக் காட்டி, வெறுங்கைகளை ஏந்திக்கொண்டு. போகிறவர்களெல்லாம், “சில்லறை இல்லைங்க, அப்புறம் வாங்க” என்று கும்பிட்டார்கள்.

தலைவர் கொதித்துப்போய் வந்தார். “என்னைப் பிச்சைக்காரனாக்கிட்டியே.”

“நான் எதையும் சேர்க்கலையே, ஐயா. வாங்குறவங்களை வெட்டிட்டா, கொடுக்குற கையும் கேக்குற கையாத்தான் தெரியும். இப்போ கடையைக் காலி பண்ணட்டுமா, மூக்கம்மாவைத் திரும்ப வைக்கட்டுமா?”

வெளியே இன்னொருவர் பேனரைக் கும்பிட்டுப் போனார்.

“அவளை வை, தாயீ” என்றார் தலைவர். “முழுசா வை.”