சட்டைப்பையில் இருந்த தடை உத்தரவு

தெருவுக்கே துணி வெளுத்து இஸ்திரி போடுகிற பூங்காவனம், அதே தெரு ரியல் எஸ்டேட் தணிகாசலத்திடம் முழுப் பணமும் கட்டி ஒரு மனை வாங்கினாள். பத்திரம் பதிந்து தராமல், அந்த மனையை இன்னொருவருக்கும் விற்கக் கிளம்பினார் அவர். அவள் விடுவாளா? கோர்ட்டுக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கினாள்.

மறுவாரமே மொடமொடவென்ற வெள்ளைச் சட்டையில், பத்திர ஆபீசில் புது ஆளோடு உட்கார்ந்திருந்தார் தணிகாசலம். பூங்காவனம் உள்ளே நுழைந்து சார்பதிவாளரிடம் தடை இருப்பதைச் சொன்னாள்.

“எனக்கு எந்த உத்தரவும் வரல சார். துணி வெளுக்கறவ பேச்சையா கேக்கறீங்க?” என்றார் அவர்.

“பையில பாருங்கய்யா,” என்றாள் பூங்காவனம். “பையைத் தடவிப் பாக்காம நான் எந்தச் சட்டையையும் நனைக்கமாட்டேன். உள்ள கசங்கிக் கெடந்துச்சு. தேய்ச்சுத் திரும்ப வெச்சிருக்கேன்.”

தணிகாசலத்தின் கை தானாகப் பைக்குப் போனது. சார்பதிவாளர் கையை நீட்டினார்.

“மடிப்புக் கலையாம எடுங்கய்யா. சார் படிக்கணும்.”