மடைப்பள்ளியில் மாதையன்

“எனக்குள்ள ஒண்ணுமே இல்லீங்கம்மா.”

மலையடிவாரத்து முருகன் மடத்துக்கு வந்த மாதையன், குரு நாச்சியம்மையிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். குருவைவிட அவருக்குப் பதினெட்டு வயது அதிகம். ஆனாலும் அவர் ‘அம்மா’ என்பார், குரு ‘ஐயா’ என்பார்.

மாதையன் காவிரியில் பரிசல் ஓட்டியவர். போன ஆடி வெள்ளத்தில் பரிசல் கவிழ்ந்தது. அவர் கரையேறினார். அவருடைய மனைவி பழனியம்மா கரையேறவில்லை.

அன்றிலிருந்து அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. யார் கேட்டாலும் “ஒண்ணுமில்ல” என்பார். ஊர் சும்மா இருக்குமா? கல்நெஞ்சக்காரன் என்று பேர் வைத்துவிட்டது.

“ஊரை விடுங்கம்மா. என் மக சொல்லிட்டா. நாப்பது நாள்ல வருஷத் திதி. ‘அம்மாவைப் பத்தி உங்க மனசுல என்ன இருக்குன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. முடியலேன்னா இனி இந்த வாசப்படி மிதிக்காதீங்க’ன்னுட்டா. எனக்கு அந்த ஒரு வார்த்தை வேணும். கிடைக்காம இங்கிருந்து நகர மாட்டேன்.”

நாச்சியம்மை அவரை மடைப்பள்ளிக்குக் கூட்டிப் போனார். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“உப்பு இருக்கான்னு பாருங்க ஐயா.”

மாதையன் கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நாக்குக்குக் கொண்டுபோனார். குரு அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“சாமிக்குப் படைக்கறதுக்கு முன்னால நாக்குல வைக்கக்கூடாது.”

“அப்புறம் எப்படிம்மா தெரியும்?”

“குனிஞ்சு பாருங்க.”

குனிந்தார். முகத்தில் ஆவி அடித்தது. வேறொன்றும் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து சமையல் அவர் பொறுப்பு. முதல் வாரம் சாம்பாரில் உப்பே இல்லை. இரண்டாம் வாரம் பாதயாத்திரை வந்தவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தேடி ஓடினார்கள். வேறொருவராக இருந்தால் மூட்டையைக் கட்டியிருப்பார். மாதையன் விடாக்கண்டன். விடியற்காலையிலேயே பானையின் மேல் குனிந்து நிற்பார்.

குரு தினமும் இரண்டு கேள்வி கேட்பார்.

“உப்பு இருக்கா?”

“தெரியலீங்க.”

“உங்களுக்குள்ள?”

“ஒண்ணுமில்லீங்க.”

இருபத்து மூன்றாம் நாள் ரசத்தின் மேல் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“பச்சை வாடை அடிக்குதும்மா. உப்பு போடலை.”

போட்டார். மறுபடி குனிந்தார். “இப்ப அடங்கிடுச்சு.”

“உங்களுக்குள்ள?”

“ஒண்ணுமில்லீங்க.”

குரு அப்படியே போய்விட்டார். மாதையனுக்கு எரிச்சலாக வந்தது. அது எரிச்சல் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பாத்திரங்களை ஓங்கி வைத்தார்.

முப்பதாம் நாள் குரு சோறு வடித்தார். கஞ்சித் தண்ணீர் சலசலவென்று அண்டாவில் விழுந்தது.

“ஐயா, வலது கை மூடியிருக்கே?”

மாதையன் பார்த்தார். விரல்கள் இறுகி நகம் உள்ளங்கையில் பதிந்திருந்தது. விரித்தார். கஞ்சி விழ விழக் கை தானாக மூடிக்கொண்டது.

“எப்ப இருந்து?”

“தெரியலீங்க. இன்னைக்குத்தான் பார்க்கறேன்.”

“வேற என்ன?”

“வயித்துல சில்லுனு இருக்கு.”

“அது என்ன?”

மாதையன் வாயைத் திறந்தார். “ஒண்ணு...” என்று தொடங்கி அவரே நிறுத்திக்கொண்டார்.

“குனிஞ்சு பாருங்க,” என்றார் குரு.

அடுத்த பத்து நாளும் அவர் பானையின் மேல் குனிந்த நேரத்தைவிடத் தன் கையைப் பார்த்த நேரமே அதிகம்.

திதியன்று மகள் தமயந்தியின் வீட்டுக்குப் போனார். படத்துக்கு முன்னால் இலை போட்டிருந்தது. சொந்தபந்தமெல்லாம் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் காவிரி இரைந்து ஓடியது.

“சொல்லுங்கப்பா,” என்றாள் தமயந்தி.

மாதையன் தலை குனிந்தார்.

“இதுக்குத்தான் நாப்பது நாள் மடத்துல இருந்தாரா?” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

“அப்பா, என்ன பண்றீங்க?”

“பொறு புள்ள. பார்க்கறேன்.”

ஆற்றின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கை மூடிக்கொண்டது.

“வயித்துல சில்லுங்குது,” என்றார் மாதையன். “இந்தக் கை மூடிக்குது. உங்கம்மா கையை இந்தக் கையாலதான் பிடிச்சிருந்தேன். வழுக்கிட்டுப் போயிடுச்சு. இது இன்னும் பிடிச்சுக்கிட்டே இருக்கு.”

மூச்சு வாங்கியது; பேச்சை விடவில்லை.

“பயமா இருக்கு புள்ள. அன்னைல இருந்து பயமாவே இருக்கு.”

தமயந்தி எழுந்து வந்தாள். அப்பாவின் மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே தன் கையை வைத்தாள்.

“இப்ப?” என்றாள்.

மாதையன் மறுபடி குனிந்தார். தாடி நனைந்துகொண்டிருந்தது.

“இது வேற,” என்றார். “இரு, பார்த்துச் சொல்றேன்.”