வண்டி எப்படி இருக்கு?

சங்ககிரி பைபாஸை ஒட்டி ஒரு மடம் இருக்கிறது. மடம் என்றதும் கோபுரம், யானை என்று கற்பனை செய்ய வேண்டாம். தகரக் கூரை போட்ட நீளமான கூடம், பின்னால் சமையற்கட்டு, முன்னால் பத்து லாரி நிற்கிற அளவுக்கு வெற்றிடம், அவ்வளவுதான். மத்தியானம் யார் வந்து உட்கார்ந்தாலும் சோறு உண்டு. வருகிறவர்கள் பெரும்பாலும் லாரிக்காரர்கள்.

மடத்தை நடத்துகிறவரைச் சாமியம்மா என்பார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். சீடர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள், ஆனாலும் எல்லாரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார். உபதேசம் என்று தனியாக எதுவும் கிடையாது. கேட்டால், பரிமாறிக்கொண்டே ஏதாவது சொல்வார். பல நாள் அதுவும் சொல்லமாட்டார்.

அர்த்தநாரி பழைய சீடர். அறுபதை நெருங்கியவர், ஊரில் லாரி ஆபீஸ் வைத்திருக்கிறார். மடத்துக்கு மாதா மாதம் அரிசி வருவது அவர் லாரியில்தான், அவர் செலவில்தான். அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் மாட்டார். நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும்.

அன்று பந்தி முடிகிற நேரத்துக்கு வந்தார். காரை விட்டு இறங்கியவர் செருப்போடு சமையற்கட்டு வரைக்கும் வந்துவிட்டார். பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

"நம்ம டிரைவர் மாதேசு காரியத்துக்குப் போயிட்டு வர்றனுங்கம்மா."

"தெரியும்."

"அவன் சம்சாரம் என்னைப் பாக்கவே இல்லீங்க. வாங்கன்னுகூடச் சொல்லாம செவுத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நான் என்னங்கம்மா பண்ணுனேன்? அவன் செத்ததுக்கு நானா காரணம்?"

சாமியம்மா ஒரு பலகையை இழுத்துப் போட்டார். அர்த்தநாரி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

தை மாதம் ஆறு புது லாரி எடுத்திருந்தார். பழையதையெல்லாம் ஒதுக்கிவிட்டார். புதியதில் ஏசி கேபின், காற்றடைத்த சீட், டிரைவர் முகத்துக்கு நேராக ஒரு கேமரா. கண் மூடினால் அது கத்தி எழுப்பும். இந்த மாதிரி வண்டிக்கு இரண்டு ஆள் தண்டம் என்று விற்க வந்தவர்கள் சொன்னார்கள். அவரும் மாற்று டிரைவர்களை நிறுத்திவிட்டார். மாதேசு தனியாகத்தான் போனான். அனந்தப்பூரைத் தாண்டி, பட்டப்பகலில், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், ரோட்டோரம் நின்றிருந்த கல் லாரியின் பின்னால் கொண்டுபோய்ச் சொருகிவிட்டான். ரோட்டில் பிரேக் பிடித்த தடமே இல்லை.

"நான் ஒரு குறை வெக்கலீங்கம்மா. பழசுல இஞ்சின் சூட்டுல காலு வேகுதுன்னாங்க, ஏசி வண்டி வாங்குனேன். இடுப்பு போச்சுன்னாங்க, காத்து சீட்டு. தூங்குனா எழுப்பறதுக்குக் கேமரா. நொறுங்குன கேபினைக் கொண்டாந்து பாத்தா, அந்தக் கேமரா மேல ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வெச்சிருக்கான். அவன் சம்சாரத்தோட பொட்டு. எழுப்பறதுக்கு வெச்சதை மூடிட்டுத் தூங்குனது அவன். இதுல என் தப்பு எங்கீங்க இருக்கு?"

"வண்டி எப்படின்னு அவங்களைக் கேட்டியா?"

"கேக்காம இருப்பனுங்களா? ஒவ்வொருத்தனையும் ஓட்டிப் பாக்கச் சொல்லி, பூஜை அன்னிக்கு நிக்க வெச்சுக் கேட்டேன். அத்தனை பேரும் நல்லா இருக்குதுங்கன்னாங்க. மாதேசும்தான் சொன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

அர்த்தநாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப பூபதி இருக்கானுங்க. மாதேசோட மச்சினன், அவன் சம்சாரத்தோட கூடப் பொறந்த தம்பி. அவனுதும் அதே வண்டி. சாயங்காலம் நாக்பூருக்குத் தனியாக் கிளம்பறான். நேத்துக்கூடக் கேட்டேன். நல்லா இருக்குதுங்கறான். அனுப்பட்டுமா, வேண்டாமா? எனக்கு அதை மட்டும் சொல்லுங்கம்மா."

சாமியம்மா கூடத்தை எட்டிப் பார்த்தார். எல்லாரும் எழுந்து போயிருந்தார்கள். கடைசியாக வந்த ஒரே ஒருவன் மட்டும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தான். தூத்துக்குடி வண்டிக்காரன், பெயர் இசக்கி. வெளியே நின்ற அவன் லாரி, அர்த்தநாரி வாங்கிய அதே மாடல்.

சாமியம்மா உப்புச் சாடியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். மிச்சமிருந்த ரசத்தில் போட்டுக் கலக்கினார்.

"அம்மா, என்னங்க இது!" என்றார் அர்த்தநாரி.

"பேசாம வா."

இசக்கி நல்ல பசியில் இருந்தான். ரசம் ஊற்றியதும் பிசைந்து ஒரு வாய் வைத்தான். கண் ஒரு கணம் சுருங்கியது. தலையைத் தூக்கினால் கரண்டியோடு சாமியம்மா நிற்கிறார்.

"ரசம் எப்படிப்பா?"

"நல்லாருக்கும்மா."

"நல்லா இருக்கா? அப்ப இன்னும் கொஞ்சம் ஊத்திக்க."

ஊற்றினார். பாவம், அவன் அதையும் சாப்பிட்டான். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அப்புறம் நாலு டம்ளர் தண்ணீர் குடித்தான். அர்த்தநாரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மனசு சாயங்காலம் கிளம்பப்போகிற வண்டியிலேயே இருந்தது.

இசக்கி கை கழுவி, கும்பிடு போட்டு, லாரியில் ஏறி உட்கார்ந்தான். சாமியம்மா வெயிலில் இறங்கி லாரியருகே போனார். அர்த்தநாரியும் பின்னால் போனார்.

"வயிறு ரொம்பிருச்சா?"

"ரொம்பிருச்சும்மா."

"இப்பச் சொல்லு. ரசம் எப்படி?"

இசக்கி சிரித்துவிட்டான். "கேக்கியளேம்மா! நான் உப்பளத்துல பொறந்து வளந்தவன். என்னாலயே முடியல."

"அப்ப ஏன் நல்லாருக்குன்ன?"

"நீங்க கரண்டியத் தூக்கிட்டு நிக்கிய. எனக்குப் பசி. என்னத்தச் சொல்ல?"

சாமியம்மா தலையாட்டினார். "மன்னிச்சுக்கப்பா, உப்பு நான்தான் போட்டேன். இந்த வண்டி எப்படி? அதையும் சொல்லிட்டுப் போ."

அவன் அர்த்தநாரியை மேலும் கீழும் பார்த்தான். "அண்ணாச்சி யாரு?"

"உன் மொதலாளி இல்ல."

"அப்பச் சரி." ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டான். "குத்தமே சொல்ல முடியாதும்மா. லோடு ஏத்துனதே தெரியாது, ஏத்தம்னாலும் இறக்கம்னாலும் ஒண்ணுதான். அதாம்மா வெனையே. பழைய வண்டி நம்மள ஒரு நிமிசம் சும்மா விடாது. கியரோட மல்லுக்கட்டணும். சூடு, சத்தம். தூக்கம் எங்கேருந்து வரும்? இதுல உக்காந்தா தொட்டில்ல போட்ட மாதிரில்லா இருக்கு. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா ஊர்க்கத பேசிட்டே போயிரலாம். அந்த ஆளையும் எடுத்துட்டாவ."

"தூங்குனா எழுப்பறதுக்குத்தான் கேமரா இருக்குதே" என்றார் அர்த்தநாரி.

"அது தூங்குனாலும் கத்தும், சைடு கண்ணாடியப் பாத்தாலும் கத்தும் அண்ணாச்சி. கத்துனா ஆபீசுக்குத் தெரிஞ்சிரும். ஏம்ல கத்துச்சுன்னு ஆபீசுலேருந்து போன் வரும். போன எடுத்தா அதுக்கும் கத்தும். மனுசன் என்ன செய்வான்?"

அர்த்தநாரி படியில் ஏறிக் கேபினுக்குள் பார்த்தார். கேமராக் கண்ணில் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரித் துண்டு ஒட்டியிருந்தது. சட்டென்று இறங்கிவிட்டார்.

"இதையெல்லாம் உன் மொதலாளிகிட்டச் சொன்னியா?"

"சொன்னா, உனக்குப் புது வண்டி சரிப்படல, பழச எடுத்துக்கன்னுவாரு. பழசுக்கு லோடே கெடையாது. ஷெட்டுலயே நிக்கணும். வீட்ல அடுப்பு எரிய வேண்டாமா அண்ணாச்சி? அவரும் வந்து கேக்கத்தான் செஞ்சாரு. நல்லாருக்குன்னுட்டேன்." சாவியைத் திருகினான். "வாரேம்மா. உப்பப் பாத்துப் போடுங்க."

வண்டி சத்தமில்லாமல் நகர்ந்து பைபாஸில் ஏறியது. இருவரும் கூடத்துக்குத் திரும்பினார்கள்.

"என் பசங்க அப்படி இல்லீங்கம்மா" என்றார் அர்த்தநாரி. யாரும் எதுவும் சொல்லாமலேயே குரல் உயர்ந்தது. "அவனுங்க வீட்டுல நல்லது கெட்டதுன்னா மொத ஆளா நிக்கறவன் நான். மாதேசு கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் குடுத்ததே நான்தானுங்க. எங்கிட்ட மறைக்கறதுக்கு அவனுக்கு என்ன வந்துச்சு?"

"பூஜை அன்னிக்கு எப்படிக் கேட்ட?"

"எப்படின்னா?"

"எப்படிக் கேட்டியோ, அப்படியே சொல்லு."

அர்த்தநாரி சொன்னார். அந்த நாளைச் சொல்லும்போது அவரை அறியாமல் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஆறு வண்டிக்கும் மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்தோடு பித்தளைத் தட்டில் சாவிகள். ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"கூப்புட்டு, ஓட்டிப் பாத்தியே, வண்டி எப்படிடா இருக்குன்னு கேட்டேன். நல்லா இருக்குதுங்கன்னான். சொன்னதும்…"

நின்றுவிட்டார்.

"சொன்னதும்?"

"சாவியை எடுத்துக் குடுத்தனுங்க."

"அதுவரைக்கும் சாவி எங்க இருந்துச்சு?"

"தட்டுல."

"தட்டு?"

அர்த்தநாரி பலகையில் உட்கார்ந்தார். "என் கையிலதானுங்க" என்றார்.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. பூபதி. அர்த்தநாரி அதைக் காதில் வைத்துக்கொண்டார். கூடம் காலியாக இருந்ததால் அந்தப் பக்கத்துப் பேச்சும் நன்றாகக் கேட்டது.

"மொதலாளி, லோடு ஏத்தியாச்சுங்க. நேரத்தோட கிளம்பட்டுங்களா?"

"பூபதி, ஒண்ணு கேக்கறேன். உண்மையச் சொல்லோணும். வண்டி எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்குதுங்க மொதலாளி."

"பயப்படாமச் சொல்லு சாமி. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"நெசமாத்தானுங்க மொதலாளி. சூப்பரா இருக்குதுங்க."

அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டார். "வண்டிய எடுக்காத. நான் வர்ற வரைக்கும் அங்கயே நில்லு. கூட ஒரு ஆளைப் போட்டு அனுப்பறேன்."

அந்தப் பக்கம் பூபதி பதறிவிட்டான்.

"ஏனுங்க மொதலாளி? நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனுங்களா? மச்சான் தூங்குனதுக்காக என்னையும் அப்படி நெனச்சுராதீங்க. நான் தூங்க மாட்டனுங்க. அக்காளும் புள்ளைகளும் இனி எங்கூட்டுலதானுங்க. சாவிய மட்டும் வாங்கிராதீங்க மொதலாளி."

"வாங்கமாட்டேன்டா. நில்லு. வர்றேன்."

போனை வைத்த பிறகும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பூபதிக்கு ஆள் போட்டுவிடலாம். மாதேசுக்குப் போட முடியாது. அந்த வேதனை எங்கேயாவது இறங்கியாக வேண்டும் அல்லவா? அவர் நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"இங்க தெனம் அத்தனை டிரைவருங்க வந்து சாப்பிடறாங்க. உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்களேம்மா?"

"சொன்னாங்க."

"மாதேசு?"

"வந்தான். பூஜைக்கு முந்தி, ஓட்டிப் பாக்கறேன்னு வண்டிய எடுத்துக்கிட்டு வந்தான். இந்த வண்டில தனியா அனுப்புனா நான் தூங்கிருவேம்மா, மொதலாளிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலன்னான். வரக்காப்பி போட்டுக் குடுத்து அனுப்பினேன்."

அர்த்தநாரி எழுந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் குருவிடம் குரல் உயர்த்தியது அன்றுதான்.

"தெரிஞ்சுக்கிட்டே இருந்தீங்களா? பூஜைக்கு நீங்கதானே வந்து திருநீறு பூசுனீங்க? உங்களையும்தானே கேட்டேன், வண்டி எப்படி இருக்குதுங்கம்மான்னு? நல்லா இருக்குன்னீங்களே! அவன்தான் வயித்துப் பொழப்புக்குப் பயந்தான். நீங்க சாமியாருங்க. நீங்க எதுக்குங்கம்மா பயந்தீங்க?"

சாமியம்மா திரும்பிச் சமையற்கட்டைப் பார்த்தார். சுவரோரம் மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன.

"அரிசி யாரோடது, அர்த்தநாரி?" என்றார்.