செம்பாற்றுப் பாலத்துக்கு இரண்டு வழி

செம்பாற்று வெள்ளம் பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போன வருஷம் நடந்தது இது. அக்கரையில் ஒன்பது ஊர்கள், ஆஸ்பத்திரியோ இக்கரையில். நெடுஞ்சாலை அலுவலகத்துப் பொறியாளர் தில்லைநாயகி புதுப் பாலத்துக்கு ஒரு திட்டம் போட்டாள். ஆற்றுக்குள் சாரம் கட்டி, தூண் எழுப்பி, தளத்தை அங்கேயே வார்ப்பது. செலவு குறைவு. ஆனால் மழைக்காலத்தில் வேலை நிற்கும். இரண்டு வருஷம் இழுக்கும்.

அதே அலுவலகத்தில் சேவியரும் இருந்தான். அவளோடு கல்லூரியில் படித்தவன். அப்போதே அவன் முதல், அவள் இரண்டாவது. தூண்கள் எழும்போதே கரையில் தளத்தைத் துண்டு துண்டாக வார்த்துவைத்து, பெரிய கிரேனால் தூக்கிப் பொருத்திவிடலாம் என்பது அவன் திட்டம். செலவு கால்பங்கு கூடும். அடுத்த மழைக்குள் பாலம் தயார்.

அலுவலகம் முழுக்க அதே பேச்சு. காபி குடிக்கப் போன இடத்திலும் சேவியர் புராணம்தான். தில்லைநாயகிக்கு வயிறு எரிந்தது.

தலைமைப் பொறியாளர் காசிம் அலி, சேவியரின் திட்டத்தைச் சரிபார்க்க இருவரிடம் கொடுத்தார். ஒருவன் சேவியரின் உயிர் நண்பன் பொன்னுதுரை. "சேவியர் போட்டா தப்பிருக்காது" என்று முதல் பக்கத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டான். இன்னொருத்தி தில்லைநாயகி. தப்பு இருந்தே ஆகவேண்டும் என்று தேடினாள். கிடைத்தது. கிரேன் நிற்கவேண்டிய இடத்தில் மேலே மணல், அடியில் களிமண். பாரம் ஏறினால் கிரேன் சரியும். கீழே நிற்கும் ஆட்கள் பிழைக்கமாட்டார்கள்.

தேடும்போது அவளுக்கு வேண்டாத ஒன்றும் கண்ணில் பட்டது. பாலம் முடியும்வரை அக்கரைக்குப் படகும் சுற்றுவழிப் பேருந்தும் அரசாங்கம்தான் விடவேண்டும். அதையும் சேர்த்தால் அவள் திட்டம்தான் அதிகச் செலவு. சேவியர்கூட இதை யோசிக்கவில்லை.

பிழையை அவனிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். அவளோ கலெக்டர் வரும் கூட்டத்துக்காகக் காத்திருந்தாள்.

கூட்டத்தில் எழுந்து சொன்னாள். "இது வயித்தெரிச்சல் சார்!" என்று கொதித்தான் பொன்னுதுரை. சேவியரின் முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் வரைபடத்தை அவள் பக்கம் நகர்த்தி, "எந்த இடம் தில்லை? காட்டு" என்றான். காட்டினாள்.

"அவ சொல்றது சரிதான் சார். தரையைக் கெட்டிப்படுத்தணும். செலவு இன்னும் ஏறும்" என்றான் சேவியர்.

"அப்போ தில்லைநாயகி திட்டத்தையே எடுத்துக்கலாம்" என்றார் கலெக்டர். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு நொடிதான். "ஆனா உங்க வேலை ரெண்டு வருஷம் ஆகுமே. அதுவரைக்கும் படகு, பஸ் செலவு இருக்கேம்மா. பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்று சொன்னால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.

"பாத்தேன் சார். அதைச் சேர்த்தா சேவியர் திட்டம்தான் சல்லிசு. தரைச் செலவு ஏறினாலும்தான்."

கேட்காமல் விட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? அது அவளுக்கே தெரியாது.

சேவியரின் திட்டமே முடிவாயிற்று. வேலையை முன்னின்று நடத்தும் பொறுப்பு ஒருவருக்குத்தான். சேவியர் தன் பிழையைத் தானே காணாதவன். பொன்னுதுரைக்கு நல்ல மனசு, அதனாலேயே பார்க்காமல் விட்டவன். ஆட்களின் உயிரைக் காத்தது தில்லைநாயகியின் பொறாமை. இப்போது சொல்லுங்கள்: காசிம் அலியின் இடத்தில் நீங்கள் இருந்தால், பொறுப்பை யாரிடம் கொடுப்பது சரி?

விடை: காசிம் அலி சேவியரிடமே கொடுத்தார். எல்லார் முன்னும் தலைகுனிந்த நேரத்திலும் எந்த இடம் என்று கேட்கத் தெரிந்தவன், வேலைத்தளத்தில் யார் குறை சொன்னாலும் காதுகொடுப்பான். தில்லைநாயகி உண்மையைச் சொன்னாள். ஆனால் அதில் ஒரு பாதியை, கலெக்டர் கேட்ட பிறகுதான் சொன்னாள். தலைமை என்றால் யாரும் கேட்காமலே சொல்லவேண்டும். ஆனால் அவள் பார்த்துக் கையெழுத்திடாமல் ஒரு வரைபடமும் களத்துக்குப் போகக்கூடாது என்றும் உத்தரவு போட்டார். மழைக்கு முன்பே பாலம் திறந்தது. அக்கரையிலிருந்து முதல் பேருந்து வந்தபோது ஜனங்கள் கைதட்டினார்கள். தில்லைநாயகியும் தட்டினாள். தட்டிக்கொண்டே, தளத்துண்டுகள் சேருமிடத்தில் எங்காவது விரிசல் தெரிகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.