இன்னாசி அண்ணாச்சியின் ரிசீவர்

இன்னாசி அன்றைக்குச் சண்டை பிடிக்கத்தான் வந்தார்.

தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளம் தாண்டி ஒரு குளம். ஞாயிறு காலையில் அங்கே சின்னப் படகு விடுவார்கள். பொம்மை என்று சொன்னால் கோபம் வரும். கைநீளப் படகுக்குள் மோட்டார், பேட்டரி, ரிமோட்டின் சொல்லைக் கேட்கும் ரிசீவர் எல்லாம் வைத்து, கரையில் நின்று ரிமோட்டால் ஓட்டும் கூட்டம் அது. அவர்களுக்குக் குரு கனகவல்லி. மாலுமிப் பயிற்சிப் பள்ளியில் மின்னணுப் பாடம் எடுத்தவர். வயதில் மூத்தவர்களுக்கும் அவர் டீச்சர்தான்.

காணும் பொங்கலன்று ஊரே குளக்கரைக்கு வரும். படகுகள் வரிசையாகப் போகும். முன்னால் போவது யார் படகு என்பது டீச்சர் சொல். கூட்டம் தொடங்கியதிலிருந்து அது இன்னாசியின் படகுதான். சுங்கத்துறையில் ஓய்வுபெற்ற கையோடு வந்து சேர்ந்த முதல் சீடர் அவர்.

இந்த வருஷம் சந்தேகம். காரணம் சுடலைமணி. ஆட்டோ உதிரிபாகக் கடைக்காரன். ஆடியில் வந்து சேர்ந்தான். தீபாவளிக்குள் அவன் படகு தண்ணீரில் கோடு கிழித்த மாதிரி போனது. டீச்சர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் படகை அவர் அப்படிப் பார்த்ததாக இன்னாசிக்கு நினைவில்லை.

அன்று பிடித்தது அவருக்குப் பித்து. மணி இரண்டு ஆன்டெனா வைத்த ரிசீவர் வாங்கினான். மறு வாரம் இன்னாசியிடமும் அதே ரிசீவர். மணி அதை மோட்டாரைவிட்டுத் தள்ளி முன்பக்கம் வைத்தான். இன்னாசியும் எல்லாவற்றையும் முன்னே தள்ளினார். படகு மூக்குக் குப்புறச் சாய்ந்தது. மணி ஆன்டெனாக் கம்பிகளைப் படகின் மேல்தளத்துக்கு வெளியே எடுத்தான். ஒன்றை நிமிர்த்தி, ஒன்றைப் படுக்கவைத்தான். இன்னாசி தன் படகின் மேல்தளத்தில் இரண்டு ஓட்டை போட்டார்.

ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே போனது.

அந்த நனைந்த படகைத்தான் இப்போது குளக்கரையில் டீச்சரின் மேஜைமேல் தொப்பென்று வைத்தார். அங்கே ஏற்கெனவே எல்லோருடைய ரிமோட்டுகளும் கிடந்தன. வந்ததும் ரிமோட்டை மேஜையில் வைக்க வேண்டும், டீச்சர் கூப்பிட்டால்தான் எடுக்க வேண்டும். அது அந்தக் குளத்துச் சட்டம்.

டீச்சர் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "இது எதுக்கு அண்ணாச்சி?"

"ஆன்டெனா வெளிய வர."

"உங்க படகு என்ன படகு?"

"மரம்."

"மணி படகு?"

"கார்பன்."

"கார்பன் சிக்னலை உள்ள விடாது. அவன் கம்பியை வெளிய எடுத்தே ஆகணும். மரம் விடும். உள்ளயே உசரமா ஒட்டியிருந்தா போதும். யாரு ஓட்டை போடச் சொன்னா?"

"அவனுக்கு நீங்க சொன்னிய."

"உங்களுக்குச் சொன்னேனா?"

"அதைத்தான் நானும் கேக்கேன்." இன்னாசியின் குரல் ஏறியது. "எனக்குச் சொல்லாம அவனுக்கு என்ன சொல்லிக் குடுத்திய? முதல்ல வந்தவன் நான். இந்தப் பொங்கலுக்கு முன்னால போறது யாரு? இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"ஓட்டிக் காட்டுங்க. சொல்லுதேன்."

"நனைஞ்சுல்லா கிடக்கு."

"நான் துடைச்சுத் தாரேன். நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க. முகம் சரியில்ல."

இன்னாசி டீ குடித்தார். அங்கேயும் சுடலைமணி வந்து, "அண்ணாச்சி, ஒரு வடை?" என்றான். வடை சாப்பிட்டவனெல்லாம் பொங்கலுக்கு முன்னால் போக முடியாது என்றார் இன்னாசி. மணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வடையைத் தானே தின்றான்.

திரும்பி வந்தபோது படகு காய்ந்திருந்தது. ஓட்டைகளை மெழுகால் அடைத்திருந்தார் டீச்சர். ரிசீவர் ஈரம் படாமல் ஒரு பலூனுக்குள், மேல்தளத்துக்கு அடியில் உயரமாக ஒட்டியிருந்தது. இருவரிடமும் அவரவர் ரிமோட்டைக் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் ஒரு சுத்து."

படகுகள் இறங்கின. மணி கரையோரமாகக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டான். அவன் கண் தன் படகைவிட்டு அசையவில்லை.

இன்னாசியின் கண் மணியின் படகைவிட்டு அசையவில்லை. அது கிளம்பியது. அவரும் ரிமோட்டின் குச்சியைத் தள்ளினார். அவர் படகும் கிளம்பியது. மணியின் படகு இடப்பக்கம் வளைந்தது. அவரும் வளைத்தார். அவர் படகு இத்தனை சுத்தமாக ஒருநாளும் வளைந்ததில்லை. மணியின் படகு வேகம் குறைத்தது. அவரும் குறைத்தார். மரப்படகு, கொஞ்சம் பின்தங்கியது. ஆனாலும் ஒரு திணறல் இல்லை, ஒரு வெட்டு இல்லை. வெண்ணெய் மாதிரி போனது.

இன்னாசிக்கு நெஞ்சு நிறைந்தது.

"பாத்தியளா டீச்சர்? அவனுக்கு நான் எதுல குறைச்சல்? இப்ப சொல்லுங்க."

"ரிமோட்டைக் கீழ வைங்க."

"படகு நடுத்தண்ணியில நிக்குமே."

"வைங்க."

வைத்தார்.

படகு நிற்கவில்லை. வலப்பக்கம் வளைந்தது. அழகாக வளைந்தது. அதற்கு முன்னால் மணியின் படகும் அப்படியே வளைந்துகொண்டிருந்தது. மணி வேகம் கூட்டினான். இரண்டும் கூட்டின. மணி நிறுத்தினான். இரண்டும் நின்றன.

இன்னாசி குனிந்து ரிமோட்டை எடுத்தார். குச்சியை இப்படித் தள்ளினார். அப்படித் தள்ளினார். நடுக்குளத்தில் அவர் படகு அவரைச் சட்டை செய்யவில்லை.

"என்ன செஞ்சிய?"

"ஈரம் துடைக்கையில உங்க ரிசீவரை மணி ரிமோட்டோட சேத்துவிட்டேன். இனி அது அவன் சொல்லுறதைத்தான் கேக்கும். உங்க ரிமோட் கையில இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டாலும் ஒண்ணு."

இன்னாசி கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு சுத்து முழுக்க அவன் ஓட்டியிருக்கான். எனக்குத் தெரியலையே டீச்சர்."

டீச்சர் அடுத்த படகைத் துடைக்க எடுத்துக்கொண்டார்.

"ஒரு சுத்துதானா, அண்ணாச்சி?"