பிரசங்க பூஷணமும் ஒரு பச்சைப் புழுவும்

“அம்மா, ஆண்டவன் ஒரு கொலைகாரன்.”

வாசலில் நின்று இப்படிச் சொன்னார் ஆவுடையப்பப் பிள்ளை. மூச்சு வாங்கியது. மேல்துண்டில் எதையோ பொதிந்து நெஞ்சோடு பிடித்திருந்தார்.

“கால் கழுவிட்டு வாங்க அண்ணாச்சி,” என்றார் குரு.

“நான் சண்டை போட வந்திருக்கேன்.”

“சண்டைக்கும் கால் கழுவிட்டே வரலாம்.”

கழுவினார். கழுவும்போதும் முனகினார்.

குருவின் பெயர் உலகம்மை. வயது நாற்பது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. சீடர் குருவை அம்மா என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்பார். மலையடிவாரத்து அந்தக் கூரை வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் விழிப்பார்கள். மறுநாள் பழகிவிடும்.

இங்கே வருவதற்கு முன்னால் ஆவுடையப்பப் பிள்ளை ‘பிரசங்க பூஷணம்’. முப்பது வருஷம் மேடையை ஆண்டவர். அவர் வாயில் வராத குரல் இல்லை. தவளையாகக் கத்தினால் குளத்துத் தவளைகள் பதில் சொல்லும். மாடாகக் கத்தினால் கூட்டத்தின் ஓரத்தில் கட்டிக் கிடக்கும் கன்றுக்குட்டி கயிற்றை இழுக்கும்.

ஆண்டவன் தன்னை எதற்காகப் படைத்தான் என்று ஒவ்வொரு உயிரும் அவர் வாயால் வந்து சாட்சி சொல்லும்.

கொசு வரும். “ங்ஙொய்ய்ய்ங்... அடியார்களே! விடியுமுன்னே உங்களை எழுப்பிச் சாமி கும்பிட வைக்கவே என்னைப் படைச்சான்!”

கழுதை வரும். “ஹீஈஈயா... ஹீஈஈயா... பொறுமைன்னா என்னன்னு உங்களுக்குக் காட்டத்தான் என்னைப் படைச்சான்!”

கடைசியில் ஆண்டவனே வருவார். அடிவயிற்றிலிருந்து, நிறுத்தி நிறுத்தி. “ஆம்... மக்களே... ஆம்.”

உலகம்மை ஒரே ஒரு தடவை அதைக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, “ஆண்டவனுக்கும் உங்களை மாதிரியே சளி பிடிச்சிருக்கே அண்ணாச்சி?” என்றார். அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் பெயர் வாங்கியது குளவிப் பிரசங்கம்.

குளவி ஒரு பச்சைப் புழுவைத் தூக்கி வரும். மண் கூட்டில் வைத்துக் கொட்டும். அதன் காதில் ‘ர்ர்ர்ங்’ என்று ஓதும். புழுவுக்குக் காது ஏது என்று ஒருவரும் கேட்டதில்லை. புழு பயந்துபோய்க் குளவியையே நினைக்கும். நினைத்து நினைத்து, ஒருநாள் தானே குளவியாகிப் பறந்து போகும்.

“குரு சீடனை ஆக்குவது இப்படித்தான் மெய்யன்பர்களே! இதைக் காட்டவே குளவியைப் படைத்தான் இறைவன்!”

ஊர் அழும். அவரும் அழுவார். அவர் அழுகை மட்டும் நடிப்பில்லை.

அதை நம்பித்தான் ஒருநாள் மேடையை விட்டு இறங்கி உலகம்மையிடம் வந்து சேர்ந்தார். நம்மையும் யாராவது குளவி ஆக்கட்டும் என்று.

எட்டு வருஷம் ஆயிற்று. குரு விறகு பிளக்கச் சொன்னார். தண்ணீர் எடுத்து வரச் சொன்னார். கொட்டவும் இல்லை, ஓதவும் இல்லை.

“சரி, இப்ப சொல்லுங்க,” என்றார் உலகம்மை. “நேத்து ஊர்க் கோயில் கொடையில பேசப் போனீயளே, என்ன ஆச்சு?”

“மைக் செட் பால்துரை விடலை. ‘அண்ணாச்சி, குளவியைச் சொல்லணும், குளவியைச் சொல்லணும்’னான். நான்தான் மடத்தனமா, வாயால சொன்னாப் போதுமா, கண்ணாலயே காட்டுவோம்னு...”

“காட்டுவோம்னு?”

“கோயில் ஜன்னல்ல ஒரு குளவிக்கூடு இருந்துது. பெயர்த்து எடுத்து மைக்குப் பக்கத்துல வச்சேன். ‘தாய்மார்களே! பாதி புழு, பாதி குளவி! இறைவன் லீலையைக் கண்ணாரக் காணுங்கள்!’னுட்டு உடைச்சேன்.”

“கண்டாங்களா?”

“நல்லாக் கண்டாங்க.”

துண்டைப் பிரித்தார்.

ஒரு பக்கம் உடைந்த மண் அறை. உள்ளே பச்சைப் புழுக்கள் அடுக்கி வைத்தாற்போல் கிடந்தன. அசையவில்லை. செத்தும் போகவில்லை. அவற்றின் நடுவே வெள்ளையாக, கொழுகொழுவென்று ஒரு குளவிக் குஞ்சு. ஒரு புழுவின் வயிற்றில் தலையை நுழைத்திருந்தது.

“முன்வரிசையில ஒரு அம்மா எட்டிப் பாத்தாங்க. ‘ஏ, தின்னுல்லா தீக்குது!’ன்னாங்க. அது மைக்ல விழுந்துட்டு. நாலு தெருவுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தான் பால்துரை. நாலு தெருவுக்கும், ‘ஏ, தின்னுல்லா தீக்குது!’ ”

அந்தக் கடுப்பிலும் அந்த அம்மாளின் குரல் அச்சாக வந்தது.

உலகம்மை சிரிப்பை அடக்கப் பார்த்தார்.

“சிரிக்காதீயம்மா.”

“சிரிக்கலை.”

“தோள் குலுங்குது.”

“அது தோள்.”

ஆவுடையப்பப் பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார்.

“ஊர் சிரிச்சது போகட்டும். இந்தப் புழுவைப் பாருங்கம்மா. சாகவும் விடலை, நகரவும் விடலை. உயிரோட வச்சுத் தின்னுது. இதுக்கு ஆண்டவன் என்ன பதில் சொல்லப்போறான்? நானும் காலையிலேர்ந்து அவன் குரல்ல பேசிப் பாத்துட்டேன். ‘ஆம் மக்களே’க்கு மேல ஒரு வார்த்தை வரமாட்டேங்குது!”

“புழுவுக்கு நோகும்,” என்றார் உலகம்மை.

“நோகும்லா?”

“நோகாதுன்னு நான் எப்பவாவது சொன்னேனா? நீங்கதான் மைக்ல சொன்னீய.”

“அப்போ குளவி பொய். புழு பொய். குரு, சீடன் எல்லாம் பொய்.” எழுந்தார். “நான் போறேன். இனிமே எனக்குச் சாமியும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்.”

“போங்க. ஆனா ஒரு குடியைப் பெயர்த்துக் கொண்டாந்திருக்கீய. அது பறந்து போறவரைக்கும் இருந்து பாத்துட்டுப் போங்க.”

“இந்தக் கொலைகாரக் குஞ்சுக்கு நான் காவலா?”

“கூட்டை உடைச்சது நானா?”

அவர் கூட்டை ஜன்னல் கட்டையில் வைத்து ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்தார். வைத்த வேகத்தில் சிரட்டை உருண்டது. மறுபடி எடுத்து, மெதுவாக வைத்தார்.

மறுநாள் காலையில் சிரட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

“ஒண்ணு காலி!”

“தண்ணி எடுத்துட்டு வாங்க.”

அதற்கடுத்த நாள்.

“இன்னொண்ணும் போச்சு! தோலை மட்டும் விட்டு வச்சிருக்கு, சண்டாளப் பய!”

“விறகு ஈரமா இருக்கு. வெயில்ல போடுங்க.”

“உங்களுக்கு மனசே இல்லையாம்மா?”

“அடுப்பு எரியலைன்னா உங்களுக்குச் சோறும் இல்லை.”

ஒருநாள் மத்தியானம் வீடே அதிர ஒரு கூச்சல். உலகம்மை அகப்பையோடு ஓடி வந்தார்.

“எறும்பு! அம்மா, எறும்பு வருது! வரிசையா வருது!”

“வரட்டுமே. எறும்பும் ஆண்டவன் படைப்புத்தானே? சுறுசுறுப்பைக் காட்டத்தானே படைச்சான்? நீங்க எறும்புக் குரல்லகூடச் சொல்லுவீயளே.”

“சும்மா இருங்கம்மா!”

ஒரு தாம்பாளத்தைத் தேடிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினார். நடுவில் செங்கல். செங்கல் மேல் கூடு. கூட்டின் மேல் சிரட்டை. தண்ணீரைக் கண்டு எறும்புகள் திகைத்து நின்றன.

“பாவம், சின்னஞ்சிறுசு,” என்றார் ஆவுடையப்பப் பிள்ளை, வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

“யாரு?”

அவர் குனிந்து தாம்பாளத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

புழுக்கள் தீர்ந்தன. குஞ்சு தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய உறையைப் பின்னிக்கொண்டு உள்ளே அடங்கியது. அதற்கப்புறம் அசைவில்லை.

“செத்துட்டு,” என்றார் சீடர். “அத்தனை உயிரையும் தின்னுட்டு இதுவும் செத்துட்டு. யாருக்கு என்ன லாபம்? இது ஒரு படைப்பு, இதுக்கு ஒரு திட்டம், அதுக்கு ஒரு பிரசங்கம்!”

“பாத்துட்டீயளா?”

“இதுல பாக்க என்ன இருக்கு?”

“அப்போ தாம்பாளத்தைக் கொடுங்க. எனக்கு மாவு சலிக்கணும்.”

கொடுக்கவில்லை.

அமாவாசை போய்ப் பௌர்ணமியும் போயிற்று. திட்டிக்கொண்டே தண்ணீர் மாற்றினார். திட்டிக்கொண்டே சிரட்டையைத் தூக்கினார். இப்போதெல்லாம் யார் குரலிலும் திட்டுவதில்லை. எதற்கும் எதற்காக என்று சொல்வதும் இல்லை. பார்ப்பார், மூடுவார், போய் விறகு பிளப்பார்.

ஒருநாள் காலை உலகம்மை முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா.”

கூச்சல் இல்லை. அதனால்தான் திரும்பிப் பார்த்தார்.

உறை கிழிந்திருந்தது. ஆவுடையப்பப் பிள்ளையின் ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு குளவி உட்கார்ந்திருந்தது. நூலாக இடுப்பு. முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்தது. சிறகு இன்னும் ஈரமாக இருந்தது.

அவர் மூச்சு விடவும் பயந்தார்.

“கொட்டுமோ?”

“எட்டு வருஷமா அதைத்தானே கேட்டீய?”

அவர் முறைத்தார். விரலை மட்டும் அசைக்கவில்லை.

“அழகாத்தான் இருக்கு, இல்லைங்கலை,” என்றார். “ஆனா புழு எங்கே? அதுக்குப் பதில் சொல்லுங்க. என் பச்சைப் புழு எங்கே?”

“உங்க விரல் மேல உக்காந்திருக்கு.”

“இது குஞ்சும்மா! புழுவைத் தின்ன குஞ்சு!”

“வேற எதையாவது தின்னுச்சா?”

“இல்லை. ராப்பகலா நான்தானே காவல் கிடந்தேன்.”

“அந்தச் சிறகு எங்கேயிருந்து வந்துது?”

அவர் பார்த்தார்.

“அந்தக் காலு?”

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அப்போ மைக்ல நீங்க சொன்னது பொய்யில்லையே அண்ணாச்சி. புழு குளவி ஆயிட்டுல்லா?”

“எப்படிம்மா ஆகும்!” ஆவுடையப்பப் பிள்ளை கத்தினார். குளவி துள்ளியது, பறக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். “புழுவுக்குத் தெரியாதே. நான் குளவி ஆயிட்டேன்னு அது ஒரு நிமிஷம்கூடச் சொல்லிக்கிடலையே. சொல்லிக்கிட அங்க ஒரு புழுவே இல்லையே!”

உலகம்மை துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தார்.

‘ர்ர்ர்ங்’ என்றது குளவி. அவர் காதை உரசிக்கொண்டு, வேலிக்கு மேலே பறந்து போயிற்று.

விரல் மட்டும் நீட்டியபடியே நின்றது.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி வந்து நின்றது. பால்துரை. முப்பது வருஷமாக மைக்கில் பேசிப் பேசி அவனுக்கு வேறு குரலே கிடையாது.

“அண்ணாச்சி! ஹலோ! அண்ணாச்சி! ஊரே உங்களைத்தான் கேக்குது! அந்தத் ‘தின்னுல்லா தீக்குது’ அப்படி எடுபட்டுப் போச்சு! பக்கத்து ஊர்க் கொடைக்கும் நீங்கதானாம்! ‘மீண்டும் பிரசங்க பூஷணம்’னு போஸ்டர் அடிக்கச் சொல்லிட்டாங்க! இருக்காகளா? பிரசங்க பூஷணம் ஆவுடையப்பப் பிள்ளை இருக்காகளா?”

ஆவுடையப்பப் பிள்ளை நீட்டிய விரலைப் பார்த்தார். தாம்பாளத்து நடுவில் காலியாகக் கிடந்த மண் அறையைப் பார்த்தார். குருவைப் பார்த்தார்.

பிறகு வேலியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். கொசு இல்லை, கழுதை இல்லை, ஆண்டவனும் இல்லை. அந்தக் குரலை அவர் வாயிலிருந்து உலகம்மை அதுவரை கேட்டதில்லை.

“இல்லைப்பா,” என்றார். “அவரைத் தின்னாச்சு.”