கட்டைக் குரல்காரி

சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதைவிட, மத்தியான வெயிலில் கரண்டுக் கம்பத்தில் ஏறுவது எவ்வளவோ மேல். இரண்டையும் செய்தவன் சொல்கிறேன். லைன்மேனாக முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சபைப் பாடகர் குழுவில் அதைவிட அதிக வருஷமாக அடிக்குரல் பாடுகிறேன். ஜெபசிங் வாயைத் திறந்தால் கோயில் ஜன்னல் அதிரும் என்பார்கள். அதில் எனக்குப் பெருமைதான், பொய் சொல்வானேன்?

குழுவை நடத்துவது எமீமாள் டீச்சர். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். ஆனாலும் எனக்கு சுரம் பார்த்துப் பாடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஆகவே அவர் குரு, நான் சீஷன்.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் சொன்னார்.

"அண்ணாச்சி, புதுசா சேர்ந்த பிள்ளைங்க இருபது பேரு இருக்காங்க. அறுப்பின் பண்டிகைக்கு ஒரு பாட்டு பாடணும். நீங்கதான் பழக்கணும்."

என் கெட்ட நேரம், சரி என்றேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் கடைசிப் பயிற்சி. வரிசையில் நிறுத்துவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. ஒருத்தனுக்குத் தண்ணீர் தவிக்கிறது. ஒருத்திக்கு ரிப்பன் அவிழ்ந்துவிட்டது. இன்னொருத்தன் கையைத் தூக்கி, "சார், நாளைக்கு பப்ஸ் தருவாங்களா?" என்கிறான்.

"முதல்ல பாடுல!" என்றேன்.

முதல் வரியைப் பாடிக் காட்டினேன். பிள்ளைகள் பாடினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது, அடியில் ஒரு உறுமலைத் தவிர. ஆறு வாரமாக இதே உறுமல்தான். மாவரைக்கும் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம்.

யார் என்று தெரியாதா எனக்கு? ஜெர்லின். எட்டு வயது, முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது.

"ஏட்டி, மேல பாடு. நான் பாடுதேன், அப்படியே பாடு."

பாடிக் காட்டினேன். அவள் கண்கொட்டாமல் என் வாயையே பார்த்தாள். பிறகு மோவாயை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, கழுத்து நரம்பு தெறிக்க, அதே உறுமல்.

"மேலன்னா மேல! புரியுதா?"

"புரியுது சார்." மறுபடியும் உறுமல், இந்தத் தடவை இன்னும் பலமாக.

ஐந்து தடவை. என் பொறுமைக்கும் ஒரு எல்லை இல்லையா?

"போதும் தாயே. நீ வாயை மட்டும் அசை. சத்தம் வரப்பிடாது."

"நாளைக்குமா சார்?"

"நாளைக்கும்தான்."

அதற்குப் பிறகு பாட்டு கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தது. ஜெர்லின் வாயை அசைத்துக்கொண்டு நின்றாள். பயிற்சி முடிந்ததும் பாட்டுத் தாளை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு நான் வரல சார். இனிமேலும் வரல."

போய்விட்டாள். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது, ஆனால் அதைவிட எரிச்சல்தான் அதிகம். என்னமோ நான் பிள்ளையை அடித்த மாதிரி!

ஆறு வாரமாக எட்டிப் பார்க்காத டீச்சர் அன்றைக்குத்தான் வந்து, பக்கத்து அறையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நேரே அவரிடம் போனேன்.

"டீச்சர், காது கேக்காத பிள்ளையை எல்லாம் சேர்த்தா நான் என்ன செய்ய? ஆறு வாரமா தொண்டை கிழியச் சொல்லுதேன், கேக்கவே மாட்டேங்கா."

"அப்படியா? நான் ஒரு வரி பாடுதேன், நீங்க அப்படியே பாடுங்க."

பாடினார். பெண்குரல், உச்சத்தில் நின்றது. நானும் பாடினேன்.

"அப்படியே பாடச் சொன்னேன், அண்ணாச்சி."

"அதே ராகம்தானே பாடுதேன்?"

"நான் பாடின உயரத்துல பாடுங்க."

முயன்றேன். கழுத்தைத் திருகின சேவல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"மேலன்னா மேல! புரியுதா?" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கிறது. எனக்கு முகம் சுட்டது.

"என்ன டீச்சர் நீங்க! என் தொண்டைக்கு அது எட்டாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் ஆர்மோனியத்தைத் திறந்தார். ஆறு வாரமாக அதை நான் தொடவே இல்லை, என் குரல் போதும் என்றிருந்துவிட்டேன். மேலே ஒரு கட்டையை அழுத்தினார்.

"பத்தொம்பது பிள்ளைங்க பாடினது இது. அவங்கவங்க தொண்டைக்கு வசதியான இடம்."

கையைக் கீழே கொண்டுபோய், இடது ஓரத்துக்குப் பக்கமாக ஒன்றை அழுத்தினார்.

"இது நீங்க பாடிக் காட்டினது."

அந்த விரலை எடுக்காமலே, நாலு கட்டை மட்டும் மேலே தள்ளி இன்னொன்றை அழுத்தினார். இரண்டும் சேர்ந்து உறுமின.

"இது ஜெர்லின்."

நான் ஆர்மோனியத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வயதுத் தொண்டை. மோவாயை அழுத்திக்கொண்டு, நரம்பு தெறிக்க, என் குரலைப் பிடிக்க அந்த இடம் வரைக்கும் இறங்கி வந்திருக்கிறது. நான் மேலே மேலே என்று கத்தியிருக்கிறேன். சண்டாளன்.

"இப்ப நான் என்ன செய்ய, டீச்சர்?"

"அவ வீட்டுக்குப் போங்க."

"போய் என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்லிக்குடுக்க வேண்டாம். அவளைப் பாடச் சொல்லுங்க. அவ எங்க பாடுதாளோ, அங்க நீங்க போய்ச் சேருங்க."

"அந்த உயரம் எனக்கு எட்டாதே. இப்பப் பாத்தீங்களே?"

டீச்சர் ஆர்மோனியத்தை மூடினார். அவருக்கும் பொறுமை போய்விட்டது என்பது மூடின சத்தத்திலேயே தெரிந்தது.

"உங்க இடமும்தான் அவளுக்கு எட்டல. ஆறு வாரத்துல ஒரு நாளாவது நிறுத்தினாளா, அண்ணாச்சி?"